பவுடர் பூசிய மரியாள்

2025 ஏப்ரலில் எச்.பி.ஓ. நிறுவனம் ஹாரி பாட்டர் தொலைக்காட்சித் தொடருக்கான நடிகர் பட்டியலின் முதல் பகுதியை வெளியிட்டபோது, ஸ்னேப் என்ற ஆசிரியரின் வேடம் பாபா எஸியெடு என்ற கறுப்பின ஆங்கில நடிகருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த கூச்சலை நான் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய கதை, அமெரிக்க நிறுவனம், லண்டன் நடிகர். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் குடியிருக்கும் எனக்கு அதில் என்ன வழக்கு இருக்க முடியும் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வழக்கு என் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. அதுவும் இரு தரப்பிலும் நான் அதுவரை படித்திருந்த வாதங்கள் எதிலும் சேராத ஒரு வாதத்தோடு வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

எதிர்த்தவர்கள் சொன்ன முதல் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். புத்தகத்தில் ஸ்னேப் வெளிறிய மஞ்சள் தோலும் வளைந்த மூக்கும் எண்ணெய் வழியும் கறுத்த முடியும் கொண்டவர். எழுதியபடி எடுக்க வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு நேர்மையான கோரிக்கை. ஆனால் அதே புத்தகங்களின் கணக்குப்படி, ஹாரி மந்திரப் பள்ளிக்கு வந்து சேரும் ஆண்டில் ஸ்னேப்புக்கு வயது 31தான். 2001-ல் வந்த முதல் திரைப்படத்தில் அந்த வேடத்தை ஏற்ற ஆலன் ரிக்மன் 1946-ல் பிறந்தவர். இருபது வயதை ஒட்டி எல்லாவற்றையும் இழந்து, முப்பதிலும் அதை ஆற்றிக்கொள்ள முடியாமல் மாணவர்கள் மீது கொட்டித் தீர்க்கும் ஓர் இளைஞனின் கசப்பு, திரையில் ஐம்பதைக் கடந்த ஒரு மனிதரின் கசப்பாக மாறிவிட்டது. கதைக்கு அது சின்ன மாற்றமல்ல. அதை யாரும் துரோகம் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ரிக்மன் அருமையாக நடித்தார், நாம் ஏற்றுக்கொண்டோம். 1990-ல் பிறந்த எஸியெடு, வயதை மட்டும் வைத்துப் பார்த்தால், புத்தகத்துக்கு ரிக்மனைவிட நெருங்கியவர். ஆக, எழுதியபடி எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எல்லா வரிகளுக்கும் ஒரே பலத்தோடு எழுவதில்லை. வயதைச் சொல்லும் வரியில் தாராளமாக இருப்பவர்கள் தோலைச் சொல்லும் வரிக்கு வந்ததும் சட்டப் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

இதே கதையின் தொடர்ச்சியாக லண்டனில் மேடையேறிய நாடகத்தில், ஹாரியின் தோழியான ஹெர்மயனி வளர்ந்த பிறகான வேடத்துக்கு நோமா டுமெஸ்வேனி என்ற கறுப்பின நடிகை 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோதும் இந்தக் குரல்கள் எழுந்தன. வெள்ளைத் தோல் என்று தான் எங்கும் குறிப்பிடவில்லை என்று கதையை எழுதிய ரோலிங்கே எழுதினார். நாடகம் நன்றாகவே ஓடியது; டுமெஸ்வேனிக்கு அந்த வேடத்துக்காக லண்டன் நாடக உலகின் ஒலிவியே விருதும் கிடைத்தது. எஸியெடுவும் மேடையில் பெயர் பெற்றவர்தான். 2016-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் ஹாம்லெட்டாக நடித்த முதல் கறுப்பின நடிகர் அவர். மேடையில் இத்தகைய சலசலப்பு சீக்கிரம் அடங்கிவிடுவதைக் கவனிக்கலாம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பச்சை முகத்தோடு நளன் வந்து நிற்கும்போது, அந்தப் பச்சைக்கு அடியில் இருப்பவர் யார், என்ன நிறம், என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. தமயந்தியாக ஓர் ஆண் வந்து நின்றாலும் விடியும்வரை அவர் தமயந்திதான். தொலைக்காட்சிக்கு அந்த விடுதலை கிடையாது. அது ஒரு முகத்தை மிக அருகில், வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில், நாம் சோறு தின்னும் நேரத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. அப்படிப் பழகிய முகத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் வருத்தம் வரத்தான் செய்யும். அந்த வருத்தம் முழுவதையும் இனவெறி என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

திரும்ப எடுத்த கதைகள்

முதலில் பார்த்த முகமே அசல் என்று நினைப்பதில் உள்ள கோளாறுக்கு 'குங் ஃபூ' நல்ல சாட்சி. 1972-ல் தொடங்கிய அந்த அமெரிக்கத் தொடரின் நாயகன், சீனத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்த ஷாவ்லின் துறவி. நடித்தவர் டேவிட் காரடைன் என்ற வெள்ளையர். 2021-ல் அதை மறுபடி எடுத்தபோது ஒலிவியா லியாங் என்ற சீன வம்சாவளி நடிகை நாயகியானார். இங்கே எந்த முகம் கதைக்கு உண்மையானது, எந்த முகம் மாற்றப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால், பழையது என்பதற்காக ஒன்று அசலாகிவிடாது என்பது தெரியும். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் நடந்தது வேறு விதம். 1978-ல் ஸ்டார்பக் என்ற விமானி ஓர் ஆண். 2003-ல் வந்த மறுஆக்கத்தில் கேட்டி சாக்காஃப் என்ற பெண். பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்டே அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். ஆனால் புதிய தொடரை எழுதியவர்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மனிதப் பிறவியைப் புதிதாகவே உருவாக்கியிருந்தார்கள். குடியும் கோபமும் குற்ற உணர்வும் கொண்ட அந்தப் பெண், பழைய ஆளுக்கு முடி வளர்த்துவிட்ட வடிவம் அல்ல. இன்று அந்தத் தொடரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அவளைத்தான் நினைக்கிறார்கள்.

இதற்கு எதிர்முனையில் 'சார்ம்டு' இருக்கிறது. மூன்று சூனியக்காரச் சகோதரிகளின் அந்தக் கதையை 2018-ல் மறுபடி தொடங்கியபோது, மூவரும் லத்தீன் அமெரிக்கப் பின்புலத்தவர் என்று விளம்பரம் போனது. பிறகு பார்த்தால் நடித்த மூவரில் ஒருவருக்கே அந்தப் பின்புலம் இருந்தது. மற்ற இருவரும் தாங்கள் வேறு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. வெள்ளையர் அல்லாத முகங்களாக இருந்தால் போதும், எந்த முகம் என்பது முக்கியமில்லை என்ற அலட்சியம் அது. பழைய ரசிகர்களை மட்டுமல்ல, யாருக்காக எடுப்பதாகச் சொன்னார்களோ அவர்களையும் அது உறுத்தியது.

மறுஆக்கத்தில் நான் மிகவும் மதிப்பவை இரண்டு. 1975 முதல் 1984 வரை ஓடிய 'ஒன் டே அட் எ டைம்' என்ற நகைச்சுவைத் தொடரை 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் மறுபடி எடுத்தது. பழையதைத் தொலைக்காட்சிக்கு வளர்த்தெடுத்த நார்மன் லியர் புதியதிலும் தயாரிப்பாளராக இருந்தார். கணவனைப் பிரிந்து பிள்ளைகளை வளர்க்கும் தாய் என்ற எலும்புக்கூடு மட்டும் அப்படியே இருந்தது. குடும்பம் கியூபாவிலிருந்து வந்ததாயிற்று. தாய் ராணுவத்தில் செவிலியாக இருந்து மனக்காயத்தோடு திரும்பியவள். பாட்டி, சிறு வயதில் பெற்றோரை விட்டுவிட்டு நாடு கடந்து வந்தவள். ரீட்டா மொரேனோ நடித்த அந்தப் பாட்டி திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வரும் விதத்தில் எங்கள் பக்கத்துக் கிழவிகள் பலர் இருக்கிறார்கள். 2019-ல் பார்வையாளர் போதவில்லை என்று நெட்ஃபிளிக்ஸ் அதை நிறுத்தியபோது ரசிகர்கள் போராடி, அது பாப் டிவி என்ற வேறொரு சேனலில் நான்காம் பருவத்தைக் கண்டது. கண்டனம் மட்டுமே பார்வையாளரின் குரல் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மற்றது 'தி வொண்டர் இயர்ஸ்'. 1988-ல் தொடங்கிய பழைய தொடர், 1968-ல் பன்னிரண்டு வயதான ஒரு வெள்ளைச் சிறுவனின் நினைவுகள். முதல் பகுதியிலேயே பக்கத்து வீட்டு இளைஞன் வியட்நாம் போரில் இறந்த செய்தி வருகிறது. 2021-ல் வந்த மறுஆக்கம் ஆண்டை மாற்றவில்லை, வயதை மாற்றவில்லை. வீட்டை அலபாமா மாநிலத்தின் மாண்ட்காமரி நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீடாக மாற்றியது. இப்போது முதல் பகுதியில் வந்து சேரும் செய்தி, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி. இரண்டும் அதே 1968-ல் நடந்தவைதான். எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த ஆண்டின் மரணம் எது என்பது மாறிவிடுகிறது. முகத்தை மாற்றியவர்கள் அதன் விலையை எழுத்தில் கட்டியிருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்தத் தொடரிலும் பார்க்கவில்லை.

இரண்டு சேனல்களுக்கு நடுவில் ஒரு வீடு

1956 நவம்பர் 1 அன்று எங்கள் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் இன்னும் முழுதாகச் சேரவில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஏசியாநெட்டும் விஜய் டிவியும் ஒரே மாலையில் ஓடும். ஆகவே 2014-ல் ஏசியாநெட்டில் தொடங்கிய 'கருத்தமுத்து' என்ற தொடரை என் அம்மா மலையாளத்தில் பார்த்தார். 2019-ல் அது விஜய் டிவியில் 'பாரதி கண்ணம்மா' ஆனபோது, கதை தெரிந்தும், தமிழில் மறுபடி பார்த்தார். கறுத்த நிறத்துக்காக அவமானப்படும் ஒரு பெண்ணின் கதை அது. மலையாளத்தில் நாயகியாகத் தொடங்கிய பிரேமி விஸ்வநாத்தே தெலுங்கில் 'கார்த்திக தீபம்' என்று அந்தக் கதையை எடுத்தபோதும் நாயகியானார். அவரது நிறத்தைக் கறுப்பாக்கும் ஒப்பனையோடுதான் அந்த வேடம் திரையில் வந்தது. கறுப்பாகப் பிறந்ததால் ஒதுக்கப்படும் பெண்ணைப் பற்றிய கதைக்கும் கறுத்த பெண்ணைத் தேடிப் போகவில்லை என்பதில் யாருக்கும் முரண் தெரியவில்லை. என் அம்மா வெகுநேரம் அழுதிருக்கிறார். அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் ஒப்பனை பற்றி எங்கள் தெருவில் ஒரு முணுமுணுப்பைக்கூட நான் கேட்டதில்லை.

முகம் மாறுவதற்கோ நம் பார்வையாளர்களைப் போலப் பழகியவர்கள் உலகில் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை ஒரு முகம் திரும்பிப் பார்க்கும்; திரையின் கீழே 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும்; செவ்வாய்க்கிழமை கதை நடந்துகொண்டிருக்கும். 2021-ல் 'பாரதி கண்ணம்மா'விலிருந்து ரோஷினி ஹரிப்பிரியன் விலகி, வினுஷா தேவி அந்த இடத்துக்கு வந்தார். 2023-ல் அதே தலைப்பில் இரண்டாம் கதை தொடங்கியபோதும் அவரே கண்ணம்மா. அம்மா சில நாள் "இது வேற பெண்ணாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்காகவும் அழத் தொடங்கினார். பழகிய முகம் போன வருத்தத்தின் ஆயுள் இவ்வளவுதான் என்றால், ஆண்டுக்கணக்கில் தணியாமல் எரியும் கோபத்துக்கு வேறு விறகு இருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தோடுதான் என் அக்காள் மகளின் பேச்சைக் கேட்க உட்கார்ந்தேன்.

அக்காள் மகள் சொன்னது

அவள் நாகர்கோவிலில் பொறியியல் படிக்கிறாள். ஹாரி பாட்டர் புத்தகங்கள் ஏழையும் படித்தவள். படங்களைத் தமிழ்க் குரலில் பார்த்து வளர்ந்தவள். ஸ்னேப் அவளுக்குப் பிடித்த பாத்திரம். நல்ல கறுப்பு நிறம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது என்பது நாங்கள் எழுதாமல் வைத்திருக்கும் விதி. விடுமுறைக்கு வந்திருந்தவள், மழை விட்ட ஒரு மாலையில், அந்த நடிகர் தேர்வு தனக்குப் பிடிக்கவே இல்லை என்றாள்.

"கறுப்பா இருக்கிறதாலயா மக்களே?" என்று நேராகவே கேட்டேன்.

"அவரு கறுப்புன்னு காட்ட மாட்டாங்க சித்தி. அதுதான்."

எனக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் கிறிஸ்மஸ் நாடகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். எங்கள் ஆலயத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் போடும் நாடகம். இந்த மாவட்டத்தில் இப்படி ஒரு நாடகம் இல்லாத ஆலயம் அரிது. மரியாளும் தேவதூதனும் வெளுத்த பிள்ளைகளுக்கு. மேய்ப்பர்கள், சத்திரக்காரன், ஏரோதின் சேவகர்கள் ஆகியோர் மற்றப் பிள்ளைகளுக்கு. யாரும் அப்படித் தீர்மானித்து அறிவித்ததில்லை. அறிவிக்காமலே அப்படி அமைந்துவிடும். அக்காள் மகள் தலையில் துவர்த்தைக் கட்டிக்கொண்டு ஆண்டாண்டாக மேய்ப்பனாக நின்றவள். வெளியூரில் படித்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்ற ஓர் இளைஞர், ஒரு வருடம் இந்த வழக்கத்தை உடைக்க வேண்டும் என்று இவளை மரியாளாக்கினார். வசனம் இவளுக்குத்தான் நன்றாக வந்தது என்பதும் உண்மை. ஒத்திகையின்போது சில தாய்மார்கள் முகம் சுளித்தார்கள், அவர் அசையவில்லை. அதுவரை எல்லாம் சரிதான்.

நாடகத்தன்று மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் வைத்து, வேடம் கட்டிவிட்ட பெண்கள் அவள் முகத்திலும் கழுத்திலும் பவுடரை அப்பினார்கள். அந்த இளைஞர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். விளக்கு வெளிச்சத்துக்கு வேண்டும்போலும் என்று நினைத்திருப்பார், அல்லது அவ்வளவு தூரம் போராடியவருக்கு அதற்கு மேல் சண்டை போடத் தெம்பில்லாமல் இருந்திருக்கும். நானும் அன்று கூட்டத்தில் இருந்தேன். என் பின்வரிசையில் ஒரு பெண்மணி, "பெண்ணு இன்னைக்கு என்ன வெளுப்பு பாத்தியளா" என்று மனம் நிறைந்து சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்பு முகம் சுளித்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் புகைப்படம் அக்காள் வீட்டு அலமாரியில் இன்றும் இருக்கிறது. நீலச் சேலைக்குள் சாம்பல் பூத்த ஒரு முகம். இளஞ்சிவப்பு ரப்பர் பொம்மையைத் தாங்கியிருக்கும் கைகள் மட்டும் அவளுடையவை. கைகளுக்குப் பவுடர் போட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"மேய்ப்பனாட்டு நின்னப்போ என் மூஞ்சி எனக்கு இருந்துது சித்தி," என்றாள். "இவரயும் கொண்டு நிறுத்திட்டு, அந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தருக்கும் அவரு நிறமே கண்ணுல படாத மாதிரி எடுப்பாங்க. எழுதினது எழுதினபடியே இருக்கும். அப்போ பவுடர் போட்டதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

ஸ்னேப்பின் தோலைக் காப்பாற்ற வந்தவர்களின் வாதமாக இதைச் சேர்க்க முடியாது. நிறத்தைப் பார்க்காமல் நடிகரைத் தேர்ந்தெடுப்பதே முற்போக்கு என்று வாதாடியவர்களோடும் இது சேராது. அன்றைய இரவு முழுக்க இது என்னோடு இருந்தது.

ஏரிக்கரைக் காட்சி

எதிர்ப்பாளர்கள் சொன்னவற்றில் அறிவோடு சொல்லப்பட்டது ஒன்று உண்டு. ஐந்தாம் புத்தகத்தில், ஹாரியின் தந்தை ஜேம்ஸ் மாணவனாக இருந்த காலத்தில், ஏரிக்கரையில் எல்லார் முன்னிலையிலும் ஸ்னேப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அவமானப்படுத்துகிறார். தொங்குபவன் கறுப்பினச் சிறுவன் என்றால் அந்தக் காட்சியின் பொருளே மாறிவிடும், ஜேம்ஸ் வெறும் குறும்புக்காரப் பையனாக இருக்க முடியாது என்றார்கள். இதை இந்தத் தேர்வுக்கு எதிரான காரணமாகச் சொன்னார்கள். என் கணக்கில் இது ஆதரவான காரணம். தன் தந்தை ஒரு கொடுமைக்காரர் என்று ஹாரி முதன்முதலாக அறிந்து குமட்டிப் போகும் இடம் அது. படித்த பலர் அதைச் சீக்கிரம் மன்னித்துக் கடந்துவிட்டார்கள். கடக்க முடியாதபடி ஆக்கும் வாய்ப்பு இப்போது தொடரை எழுதுபவர்களின் கையில் இருக்கிறது.

அதைவிடக் கடினமான இடமும் அங்கேயே இருக்கிறது. அந்த அவமானத்தின் உச்சியில் ஸ்னேப், தனக்காகப் பரிந்து பேசிய லிலியை, பின்னாளில் ஹாரியின் தாயாகப் போகிறவளை, இரத்தத்தைச் சொல்லி இழிவாகத் திட்டுகிறான். மந்திரமறியாத தந்தைக்குப் பிறந்த கலப்பு இரத்தக்காரன், இரத்தத் தூய்மை பேசும் கூட்டத்தில் போய்ச் சேர்வதுதான் அவன் கதையே. இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரனுக்கு உரையாசிரியர் தேவையில்லை. தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு 1859-ல் வந்த திருவிதாங்கூர் அரச அறிவிப்புகூட, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. இடம் கொடுத்தபடியே, அந்த இடத்தில் எந்தத் தோற்றத்தோடு நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடும் வழக்கத்துக்கு வயது அதிகம். பவுடர் டப்பாவோடு மேடைக்குப் பின்னால் நின்ற பெண்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. அதை என் நண்பர் ஒருவரே சொன்னார். கறுப்பின நடிகர் எந்த வேடத்தில் வந்தாலும் தன் நிறத்தைச் சுமந்தே ஆக வேண்டுமா, மற்றவர்களைப் போலச் சும்மா நடித்துவிட்டுப் போகும் உரிமை அவருக்குக் கிடையாதா என்றார். நியாயமான கேள்வி. மந்திரக்கோல் விற்கும் கடைக்காரராக எஸியெடு வந்திருந்தால் நானும் அப்படியே விட்டிருப்பேன். ஒரு சொல்லும் மாற வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்டவனாகவும், பிறகு பிறரை ஒதுக்கும் கூட்டத்தில் ஒருவனாகவும் வாழ்ந்த மனிதனின் வேடத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது. அந்தச் சுமையை நடிகர் தலையில் தனியாக ஏற்றிவிட்டு, எழுத்தாளரும் தயாரிப்பாளரும் கைவீசி நடந்தால், வசவு முழுவதும் அவருக்கே வந்து சேரும், வந்துகொண்டுதான் இருக்கிறது. பழகிய முகத்தை இழந்தவர்கள் கணக்குக் கேட்க வேண்டிய இடம் கதை எழுதும் மேசை. பெரும்பாலும் அவர்கள் அங்கே போவதே இல்லை.

ஒரு புத்தகத்துக்கு ஒரு பருவம் என்ற திட்டப்படி பார்த்தால், ஏரிக்கரைக் காட்சி வந்து சேர ஆண்டுகள் ஆகும். அக்காள் மகள் அதற்குள் எந்த ஊரில் வேலைபார்ப்பாளோ தெரியாது. ஆனால் முதல் புத்தகத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. முதல் வகுப்பில் ஸ்னேப் ஹாரியைப் பெயர் சொல்லி அழைத்து, அவனால் பதில் சொல்ல முடியாத கேள்விகளாகக் கேட்பார். தன்னைத் தொங்கவிட்டவனின் முகம் அச்சு மாறாமல் இந்தச் சிறுவனிடம் இருக்கிறது என்ற வெறுப்பு அந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது. அந்த முகத்தை எஸியெடு எப்படிப் பார்க்கிறார், கேமரா அவரைப் பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்குகிறது என்பதிலிருந்தே எழுதியவர்கள் என்ன முடிவு செய்திருக்கிறார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும். இதை அவளிடம் சொன்னேன். "அந்த ஒரு எபிசோடு பாக்கேன் சித்தி, அதுக்கு மேல இப்பவே வாக்கு குடுக்க முடியாது," என்றாள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று 'தி வொண்டர் இயர்ஸ்' பார்க்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பருவத்தில் பாதி வரை வந்துவிட்டாள். அந்தத் தாயின் வேடத்தைப் பற்றி எங்களுக்குள் இப்போது வேறொரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.